சிறுநீரக நோயாளிகள்: தாமதத்தால் நீளும் தீவிர சிகிச்சை

புது தில்லி: சிறுநீரக நோயாளி ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை நாள் இருக்க நேரிடும் என்பது, அவர் அங்கு வந்து சேரும் முன்பே பெருமளவு தீர்மானமாகிவிடுகிறது.

கல் அடைத்த சிறுநீர்ப் பாதையில் கிருமித் தொற்று ஏற்பட்டால், உடனடியாகக் குழாய் பொருத்தி சிறுநீரை வெளியேற்ற வேண்டும். தாமதித்தால் தொற்று ரத்தத்தில் பரவி ரத்த அழுத்தம் சரியும். செயற்கை சுவாசமும் டயாலிசிஸும் தேவைப்படலாம். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள், சர்க்கரை நோய், முதுமை ஆகியவையும் சேர்ந்தால் நாள்கள் வாரங்களாகும்.

நாட்டில் ஆண்டுதோறும் சுமார் 2.2 லட்சம் பேர் புதிதாக இறுதிக்கட்ட சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளாவதாக, 2016 பட்ஜெட் உரையில் அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி தெரிவித்தார். மாவட்ட மருத்துவமனைகளில் டயாலிசிஸ் அளிக்கும் தேசியத் திட்டத்தையும் அவர் அப்போது அறிவித்தார். டயாலிசிஸ் தவறினால் நுரையீரலில் நீர் கோத்து, ரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்து, உயிருக்கே ஆபத்து நேரும்.

தீவிர சிகிச்சைக்கு யாரை அனுமதிப்பது, எப்போது வெளியே அனுப்புவது என்பதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய சுகாதார அமைச்சகம் 2024 தொடக்கத்தில் வெளியிட்டது. ஆனால், டயாலிசிஸ் வசதி பொது வார்டுக்கு எட்டாத மருத்துவமனைகளில், தேறி வருபவரையும் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே வைத்திருக்க நேரிடுகிறது. வெளியே காத்திருப்பவருக்கோ படுக்கை கிடைப்பதில்லை.