பணிக்கிடையே புள்ளியியல்



நான் சேலையூரில் வாழும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன். எங்கள் ஊருக்கு அண்மையில், 1937-ஆம் ஆண்டில் நகரிலிருந்து தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி இருக்கிறது. அந்நாளில் கல்வியை விரும்பினோர் கல்லூரியை நாடிச் சென்றனர். வேலைக்குச் செல்வோர்க்கு அவ்வாய்ப்பு அரிதாகவே இருந்தது.

அக்குறையைப் போக்க முதலில் வந்தது அஞ்சல்வழிக் கல்வி. 1962-இல் தில்லிப் பல்கலைக்கழகம் அதனைத் தொடங்கியது. 1981-இல் சென்னைப் பல்கலைக்கழகமும் அதற்கெனத் தனி நிறுவனம் கண்டது. பின்னர் 2003-இல் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் கூடி என்.பி.டி.இ.எல். என்னும் திட்டத்தைத் தொடங்கின. 2014 முதல் அது தேர்வு நடத்திச் சான்றிதழும் வழங்குகிறது. புள்ளியியலும் அங்கே கற்பிக்கப்படுகிறது.

அதன் முறை யாது? பாடத்தில் சேர்வதற்குக் கட்டணம் இல்லை. தேர்வுக்கு மட்டும் உண்டு. விரிவுரைகளை வைகறையிலும் கேட்கலாம், நள்ளிரவிலும் கேட்கலாம். ஆயினும் வாரந்தோறும் ஒப்படைப்புக்குக் கெடு உண்டு. இறுதித் தேர்வைத் தேர்வு மையத்திற்கு நேரில் சென்றே எழுதுதல் வேண்டும். ஒப்படைப்புகளுக்கு 25 விழுக்காடும், தேர்வுக்கு 75 விழுக்காடும் மதிப்பெண் என்பது பொதுவான ஏற்பாடு. எனவே, கேட்கும் நேரத்தில்தான் நெகிழ்வு உண்டு. செய்யவேண்டிய வேலையில் இல்லை. இதனை மறந்தவர்களே இடையில் நின்றுவிடுகின்றனர்.

என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் அவ்வாறு நிற்கும் நிலையில் ஒரு ஞாயிறன்று வந்தார். அலுவலகப் பணியோடு முதுகலை பயில்பவர். ஆய்வேட்டிற்காகப் புள்ளியியல் பாடத்தில் சேர்ந்திருந்தார். "ஐயா, மின்சார ரயிலில் நின்றபடியே மூன்று முறை கேட்டுவிட்டேன். ஐந்தால் வகுப்பதா, நான்கால் வகுப்பதா என்பது விளங்கவில்லை. விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்" என்றார்.

நான் தாளும் பென்சிலும் கொடுத்தேன். சேலையூரிலிருந்து தாம்பரம் நிலையத்திற்குப் பேருந்தில் செல்ல ஐந்து நாட்களில் முறையே 10, 12, 14, 16, 18 நிமிடம் ஆயிற்று என்று கொள்வோம். சராசரி 14. அதிலிருந்து விலகல்கள் முறையே −4, −2, 0, 2, 4. இவற்றைக் கூட்டினால் சுழியம். ஆகவே வர்க்கப்படுத்திக் கூட்டுகிறோம், 40 வருகிறது. ஐந்தால் வகுத்தால் 8. நான்கால் வகுத்தால் 10. எது சரி?

அந்த ஐந்து நாட்களைப் பற்றி மட்டுமே கேள்வி என்றால் 8 சரி. ஆனால் எல்லா நாட்களின் ஏற்றத்தாழ்வையும் இந்த ஐந்து நாள் மாதிரியைக் கொண்டு மதிப்பிடுவதே நம் நோக்கம். உண்மையான சராசரி நமக்குத் தெரியாது. இந்த ஐந்து எண்களிலிருந்தே அதனையும் எடுத்துக்கொண்டோம். எந்த எண் கூட்டமும் வேறெதனையும்விடத் தன் சராசரிக்கே நெருங்கியிருக்கும். ஆகவே விலகல் சற்றுக் குறைவாகவே தோன்றும். மேலும், விலகல்களின் கூட்டுத்தொகை சுழியமாக வேண்டுமாதலின், நான்கு தெரிந்தால் ஐந்தாவது தானே தெரிந்துவிடும். உண்மையில் புதுச் செய்தி தருபவை நான்கே. அதனால் நான்கால் வகுக்கிறோம்; 10 கிடைக்கிறது.

இளைஞர் வேறு ஐந்து எண்களைத் தாமே எழுதிக் கணக்கிட்டுப் பார்த்தார். முகம் தெளிந்தது. "இதைத்தான் ஐயா அவரும் சொன்னார். நான்தான் எழுதிப் பார்க்கவில்லை" என்றார். விரிவுரையில் குறையில்லை. நீந்துவதைக் கரையிலிருந்து பார்த்தவன் நீந்தக் கற்றவனாகான் அல்லவா?

பணியாற்றிக்கொண்டே பயில விரும்புவோர்க்கு நான் கூறுவன மூன்று. எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்பது எப்போதும் படியாமையில் முடியும். ஆதலின் நாளில் ஒரு நேரத்தை உங்களுக்கெனக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சூத்திரத்தையும் சிறிய எண்களைக் கொண்டு கையால் செய்து பாருங்கள். கணிப்பொறி பிறகு வரட்டும். ஐயம் எழுந்தால் ஒருவரிடம் கேளுங்கள். உடன் பயில்வோராயினும் சரி, பழைய ஆசிரியராயினும் சரி.

அவ்விளைஞர் பாடத்தை விடவில்லை. ஞாயிறுதோறும் வருகிறார். நானும் அவருடன் பயில்கிறேன்.