அபாய மணிக் கம்பிகளும் வீட்டு மின்கம்பிகளும்

காவிரியாற்றின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் 1902 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மின்நிலையம், முதலில் கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் வழங்கிற்று. 1905 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அம்மின்சாரம் பெங்களூரு நகரின் தெரு விளக்குகளை ஏற்றியது. அன்று தொட்டு அந்நகர வீடுகளில் மின்கம்பிகள் பெருகி வந்துள்ளன. திருடர் நுழைவதையும் தீப்பற்றுவதையும் அறிவிக்கும் அபாய மணியின் கம்பிகள் இவற்றுடன் பின்னர் வந்து சேர்ந்தவை. இவ்விரு வகைக் கம்பிகளும் அருகருகே செல்லும்போது மேற்கொள்ள வேண்டிய முறைகள் ஈண்டு விளக்கப்படுகின்றன.

சொல்லால் நேரும் மயக்கம்

வீட்டு மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுள்ள மாறு மின்னோட்டம். அபாய மணிகள் பெரும்பாலும் 12 வோல்ட் நேர் மின்னோட்டத்தில் இயங்குவன. 1956 ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் 250 வோல்ட் வரையுள்ளதைத் ‘தாழ்ந்த அழுத்தம்’ என வகுத்திருந்தன. அதன்படி, உயிரைப் போக்கவல்ல வீட்டு மின்சாரமும் ‘தாழ்ந்த’ அழுத்தமே ஆகும். ஆதலால் அச்சொல்லைத் ‘தீங்கற்றது’ எனப் பொருள்கொள்ளலாகாது. 12 வோல்ட், ‘மிகத் தாழ்ந்த அழுத்தம்’ என்னும் தனி வகையைச் சார்ந்தது.

அபாயம் எவ்வாறு நேர்கிறது?

மணிக் கம்பியின் காப்புறை மெல்லியது. இரு வகைக் கம்பிகளும் ஒரே குழாயில் இழுக்கப்பட்டால், உராய்வினாலோ வெப்பத்தினாலோ காப்புறை சிதைந்து, 230 வோல்ட் மணிக் கம்பிக்குத் தாவக்கூடும். மணியின் சுற்று நிலத்துடன் இணைக்கப்படாதிருப்பின், அந்நிலையில் மின்னோட்டம் எதுவும் பாயாது, உருகியும் எரியாது. மணியும் வழக்கம்போல் இயங்கலாம். ஆயினும் கதவிலுள்ள தொடுமுனை முதல் வெளிச்சுவரிலுள்ள ஒலிப்பான் வரை எங்கும் உயர் அழுத்தம் பரவியிருக்கும். மழையில் நனைந்த சுவரருகே நின்று அதனைப் பழுதுபார்ப்பவரே சுற்றை முழுமையாக்குவார். உடலின் தடையை 1,000 ஓம் எனக் கொண்டால், 230 மில்லி ஆம்பியர் பாயும். உயிர் காக்கும் கசிவுத் துண்டிப்பான்கள் 30 மில்லி ஆம்பியரிலேயே செயற்படுமாறு அமைக்கப்படுவதிலிருந்து இதன் கடுமை விளங்கும்.

மற்றொரு தீமையும் உண்டு. 2,000 வாட் வெந்நீர்க் கலம் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். அதனை இயக்கும்போதும் நிறுத்தும்போதும், அருகே நெடுந்தூரம் இணையாகச் செல்லும் மணிக் கம்பியில் மின்தூண்டல் நிகழ்ந்து, மணி வீணே ஒலிக்கலாம். பலமுறை ஏமாந்த வீட்டார் மணியை நிறுத்திவிடுவர். உண்மையான அபாயத்தின்போது அது பயன்படாது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. மணிக் கம்பிகளுக்குத் தனிக் குழாயும் தனிப் பெட்டியும் அமைத்தல் வேண்டும். ஒரே குழாயில் இட நேரின், எல்லாக் கம்பிகளின் காப்புறையும் அங்குள்ள மிக உயர்ந்த அழுத்தத்தைத் தாங்குவதாக இருத்தல் வேண்டும்.

2. இணையாகச் செல்லும் இடங்களில் இடைவெளி விடுதல் வேண்டும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இத்தகைய கம்பிகளுக்கு 50 மில்லிமீட்டர் இடைவெளி வழக்கிலுள்ளது.

3. ஒன்றையொன்று கடக்க நேரின் செங்கோணத்தில் கடத்தல் வேண்டும்.

4. மணிக்கு இரட்டையாக முறுக்கிய கம்பியைப் பயன்படுத்தினால் தூண்டல் குறையும்.

5. சுவரைத் துளைக்குமுன் முதன்மை இணைப்பைத் துண்டித்து, மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்தறிதல் வேண்டும். 230 வோல்ட் இணைப்பை உரிமம் பெற்றவரே செய்தல் வேண்டும்.

வகுப்பறைச் சோதனை

ஆசிரியர்கள் வீட்டு மின்சாரத்தைத் தொடாமலே தூண்டலை விளக்கலாம். காப்பிட்ட கம்பியால் ஐம்பது சுற்றுள்ள இரு சுருள்கள் செய்து, ஒன்றை உலர் மின்கலத்துடனும் மற்றதைக் கால்வனாமானியுடனும் இணைக்க. சுருள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மின்கலத்தை இணைக்கும்போதும் துண்டிக்கும்போதும் முள் அசையும். விலக்கினால் அசைவு குறையும். மையங்கள் பொருந்துமாறு செங்கோணத்தில் வைத்தால் ஏறக்குறைய நின்றுவிடும். இடைவெளியும் செங்கோணமும் விதிகளில் இடம்பெற்றதன் காரணத்தை மாணவர் இதனால் கண்கூடாக அறிவர்.