பொட்டிக்குள்ள புழுக்கம்!

"ஏன் கண்ணு, இந்நேரத்துக்கு ரைஸ் மில்லு ஓட்டுற? நிறுத்திப்போட்டுப் படு சாமி!"

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஹாலில் படுத்திருக்கும் அம்மா இப்படிக் குரல் விட்டால், அந்த வீட்டில் இன்ஜினீயரிங் படிக்கிற ஜீவன் ஒன்று இருக்கிறது, அது புதுசா கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணியிருக்கிறது என்று அர்த்தம்!

கொல்லிமலை அடிவாரம்னு பேருதான். ஜில்லு எல்லாம் மலை மேலதான். கீழே எங்க சேந்தமங்கலத்தில் ஏப்ரல், மே வந்தால் 38, 40 டிகிரி சர்வசாதாரணம். அதுவும் மொட்டை மாடிக்கு நேர் கீழே ரூம்னா, பகலெல்லாம் வாங்கின வெயிலை கான்க்ரீட் ராத்திரிதான் திருப்பிக் கொடுக்கும். ஏ.சி. கிடையாது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு விடிய விடிய ஓட வேண்டிய சிஸ்டம் ஒரு பக்கம், காலையில் அஞ்சு மணிக்கு எழுந்து வேலைக்குப் போக வேண்டிய அப்பா இன்னொரு பக்கம். நடுவில் சிக்கி முழிக்கிற மக்களே, இந்த மேட்டர் உங்களுக்குத்தான்.

சிஸ்டம் வாங்கும்போது நாம என்ன பண்றோம்? ப்ராசஸருக்கு மூணு வாரம் ஆராய்ச்சி. கிராஃபிக்ஸ் கார்டுக்கு அப்பாகிட்ட மூணு மாசம் கெஞ்சல். கடைசியில் மிச்சம் மீதி காசுக்கு, "அண்ணா, லைட் எரியற மாதிரி ஒரு கேபினெட் போட்டுக் குடுங்க!" முடிஞ்சுது கதை.

கொஞ்சமே கொஞ்சம் கணக்கு போடலாமா? (பயப்படாதீங்க, அரியர் விழாது!) இன்டெல் ஐ5-13400 ப்ராசஸர் அட்டையில் 65 வாட். ஆனால், முழு வேகத்தில் 148 வாட் வரை இழுக்கும். ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டு 115 வாட். மொத்தம் 250 வாட்னு வச்சுக்குங்க. இழுக்கிற கரன்ட் ஏறக்குறைய அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் மாறும். அதாவது, அந்தக் காலத்து 100 வாட் குண்டு பல்பு ரெண்டரையை ஒரு தகரப் பொட்டிக்குள் எரியவிட்ட மாதிரி.

இந்தப் பொட்டி வழியா நிமிஷத்துக்கு 50 கன அடி காற்று போய் வந்தால், அந்தக் காற்று ஏறக்குறைய 9 டிகிரி சூடாகும். காற்று பாதியாகக் குறைந்தால் சூடு ரெட்டிப்பு, 18 டிகிரி. ரூமே 38 டிகிரின்னா உள்ளே 56! அந்தக் காற்றை வைத்துத்தான் ப்ராசஸர் தன்னைக் குளிர வைத்துக்கொள்ளணும். முடியாமல் 100 டிகிரியைத் தொட்டதும், இன்டெலின் பல ப்ராசஸர்கள் தாங்களே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கின வேகம் காணாமல் போகும், ஃபேன் மட்டும் உயிரைக் கொடுத்து அலறும். அம்மா கேட்டது அந்த அலறலைத்தான்.

ஆக, கூலிங் வேற, சத்தம் வேறன்னு ரெண்டு பிரச்னை கிடையாது பாஸ். ரெண்டும் ஒண்ணுதான். காற்று தடையில்லாமல் வந்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதும். ஃபேன் வேகம் பாதியானால் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். அதே மாதிரி ரெண்டு ஃபேன் ஓடினால் கூடுகிற சத்தம் வெறும் 3 டெசிபல். அதனால், ஒரே ஃபேனை விரட்டுவதை விட ரெண்டு ஃபேனை மெதுவாக ஓட்டுவது லாபம். ஃபேன் பெரிசானால் இன்னும் லாபம். பழைய கேபினெட்களில் இருந்த 80 மி.மீ. ஃபேனைப் போல 120 மி.மீ. ஃபேனுக்கு ரெண்டேகால் மடங்கு பரப்பு.

கடையில் பளபளன்னு முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட்டைக் காட்டுவாங்க. உள்ளே மூணு கலர் ஃபேன் ஜொலிக்கும். நாமக்கல்காரங்ககிட்டயே இதை விக்கிறாங்களே, அதுதான் கொடுமை! லாரி ரேடியேட்டருக்கு முன்னாடி கண்ணாடியை மாட்டிட்டு யாராச்சும் லோடு ஏத்துவாங்களா? முகப்பு வலைதான் நமக்கு வேணும். உள்ளங்கையை முகப்பில் வைத்துப் பாருங்க. ஃபேன் ஓடும்போது காற்று உள்ளே இழுபடுவது கையில் தெரியணும்.

நம்ம ஊர் கோழிப்பண்ணைக்காரங்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. செட்டைக் கிழக்கு மேற்காக நீட்டிக் கட்டுவதும், பக்கமெல்லாம் கம்பி வலை விடுவதும் சும்மா இல்லை. வெயில் பக்கவாட்டில் அடிக்கக் கூடாது, காற்று நிற்கக் கூடாது. கோடையில் காற்று நின்றால் கோழி செத்துப்போகும், முட்டை குறையும். நஷ்டம் கண்ணெதிரே தெரிவதால் கவனம் இருக்கு.

'சைலன்ட் கேபினெட்' என்றே ஒரு வகை உண்டு. நாலு பக்கமும் பஞ்சு மாதிரி ஒட்டி சத்தத்தை அமுக்குவாங்க. 2005-ல் ஆன்டெக் கம்பெனி, கனடாவின் மைக் சின்னோடு சேர்ந்து கொண்டுவந்த பி180 இதில் பெரிய பெயர். எஸ்.எம்.பி.எஸ்-ஸைக் கீழே தனி அறையில் வைத்த கேபினெட் அது. ஸ்வீடன்காரர்களான ஃப்ராக்டல் டிசைனின் டிஃபைன் வரிசையும் இதே ரகம். ஆனால், அதே ஃப்ராக்டல் 2021-ல் விட்ட டாரன்ட்டைப் பாருங்க... முன்னாடி 180 மி.மீ. ஃபேன் ரெண்டு, திறந்த முகப்பு! குளிர் தேசத்துக்காரங்களே காற்றுப் பக்கம் வந்துட்டாங்க. (விலை நம்ம பக்கம் வரவில்லை என்பது வேறு விஷயம்.) வெளிநாட்டு ரிவ்யூ படிக்கும்போது ஒரு எச்சரிக்கை... அங்கே ரூம் 21 முதல் 25 டிகிரி. நம்ம ரூமுக்கு இன்னொரு பதினைந்தைக் கூட்டிக்குங்க.

பட்ஜெட்காரங்க கட்டாயம் பார்க்க வேண்டியது ஃபேன் ஒயர். எஸ்.எம்.பி.எஸ்-ஸில் நேரடியாகச் செருகுகிற பெரிய ப்ளக் என்றால், சிஸ்டம் ஆன் ஆனதிலிருந்து ஃபுல் ஸ்பீடுதான், குறைக்கவே முடியாது. மதர்போர்டில் செருகுகிற சின்ன நாலு பின் ப்ளக்கா இருந்தால், சூட்டுக்குத் தகுந்த மாதிரி வேகத்தை பயாஸில் செட் பண்ணிக்கலாம். இதுக்குக் காசே கிடையாது. லைட் எரியற மூணு ஃபேனுக்குப் பதில், லைட் எரியாத, இந்த ப்ளக் உள்ள ரெண்டு ஃபேன் எவ்வளவோ தேவலை.

அடுத்து, தூசி. முன்னாடி ரெண்டு ஃபேன் உள்ளே தள்ள, பின்னாடி ஒண்ணு வெளியே தள்ளட்டும். உள்ளே காற்றழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால், சந்து பொந்து வழியா தூசி நுழையாது, ஃபில்டர் வழியாத்தான் வரும். பள்ளிபாளையத்தில் தறி ஓடுகிற வீட்டு நண்பன் ஒருவன் பத்து நாளைக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றுகிறான். மெத்தென்று ஒரு பஞ்சுப் போர்வையே வருது! ஃபில்டர் ஸ்க்ரூ கழற்றாமல் உருவ வருகிறதான்னு கடையிலேயே இழுத்துப் பார்த்து வாங்குங்க. ஸ்க்ரூ இருந்தால் நாம கழற்றவே மாட்டோம், தெரிஞ்ச கதைதானே.

வீட்டுக்கு வந்ததும், கம்ப்யூட்டர் டேபிளின் கதவு வச்ச அறைக்குள் கேபினெட்டைத் திணிக்காதீங்க. சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி, தரையிலிருந்து ஒரு பலகை உயரத்தில் வைங்க. ப்ளோயர் வச்சு சுத்தம் பண்ணும்போது, சிஸ்டத்தை ஆஃப் பண்ணி ப்ளக்கைப் பிடுங்கிட்டு, ஃபேன் இறக்கையை ஒரு விரலால் அசையாமல் பிடிச்சுக்குங்க. காற்று வேகத்தில் அது கன்னாபின்னான்னு சுற்றினால் பேரிங் போயிடும், மறுபடியும் ரைஸ் மில்லு ஓட ஆரம்பிச்சுடும்!