ரவைக்கூடு பின்சென்ற துப்பாக்கி

துப்பாக்கியைத் தொட்டறியாதவரும் அதன் வடிவத்தை நன்கறிவர். 2009 வரை நிகழ்ந்த போர்க்காலத்தில், வண்ணாத்திவில்லிலிருந்து புறப்பட்டு எங்கு சென்றாலும் யாதேனுமொரு சாவடியில் ரி-56 துப்பாக்கி ஏந்திய வீரனைக் காணாது திரும்பியவர் அரியர். விசைக்கு முன்னே வளைந்த ரவைக்கூடு. பின்னே தோளிற் பொருந்தும் பிடங்கு. இவ்வடிவமே மனத்திற் பதிந்திருந்தமையால், மாணவனொருவன் சிங்கப்பூர்ப் படையினரின் படத்தை நீட்டி, "சேர், ரவைக்கூடு விசைக்குப் பின்னால் இருக்கிறதே, படம் பிழையா?" என்று வினவினான்.

படம் பிழையன்று. அவ்வமைப்புக்குப் 'புல்பப்' என்று பெயர். அதன் தத்துவம் எளிது. வெடிமருந்தின் வாயு குழலின் வாயை அடையும்வரை ரவையை உந்திக்கொண்டேயிருக்கும். ஆதலின் குழலைக் குறைத்தால் வேகமுங் குறையும். குழலைக் குறையாது துப்பாக்கியை மாத்திரங் குறுக்குவது எங்ஙனம்? வெடிக்கும் அறையையும் ரவைக்கூட்டையும் பிடங்கினுள்ளே தள்ளிவிட்டால், தோளில் ஊன்றுவதற்கே பயன்பட்ட நீளம் பொறிக்கும் இடமாகிவிடும். சிங்கப்பூர் முன்னர்ப் பயன்படுத்திய எம்-16 துப்பாக்கியின் நீளம் ஏறத்தாழ 990 மில்லிமீற்றர். 1999இல் அந்நாடு தானே ஆக்கி வெளியிட்ட எஸ்.ஏ.ஆர்-21 துப்பாக்கியோ 805 மில்லிமீற்றரே. குழல் இரண்டிலும் 508 மில்லிமீற்றர்! கவச வாகனத்தினுள்ளும் அடர்காட்டினுள்ளும் இச்சுருக்கத்தின் அருமை விளங்கும்.

எண்ணம் புதிதன்று. பிரித்தானியா இ.எம்-2 என்னும் இவ்வகைத் துப்பாக்கியை 1951இல் ஏற்று, அவ்வாண்டிலேயே கைவிட்டது. அதன் சிறிய ரவை வலிமை போதாதென அமெரிக்கா மறுத்தமையே முதற்காரணம்; அவ்வமெரிக்காவே 1960களில் அதனினுஞ் சிறிய ரவைக்கு மாறியது வேடிக்கையே. பின்னர் ஒஸ்திரியாவின் ஸ்டெயர், பிரான்சின் ஃபமாஸ், பிரித்தானியாவின் எல்-85 எனப் பல தோன்றின.

ஆயின் பெற்ற நீளத்துக்கு விலையுமுண்டு. விசை முன்னேயும் சுடும் பொறி பின்னேயும் நிற்பதால் இரண்டையும் நீண்ட கோலொன்றால் இணைக்கவேண்டும்; விரலுக்கு விசை சற்றே மந்தமாகத் தோன்றும். இதனினும் பெரிது, வெடிக்கும் அறை சுடுபவன் கன்னத்தின் அருகே அமைவது. எஸ்.ஏ.ஆர்-21இல் கன்னம் படியும் பக்கத்தில் கெவ்லார்த் தகடு பதித்து, மிகையழுத்த வாயு வெளியேறத் துளையும் வைத்திருக்கின்றனர். அறை வெடித்துச் சிதறினும் வீரன் முகம் தப்பவேண்டும் என்பதே நோக்கம்.

இனி இடக்கையர் நிலையைக் கூறவேண்டும். இதில் எனக்குத் தனிப்பட்ட அக்கறை உண்டு. இடக்கையால் எழுதியதற்காகச் சிறு வயதிற் பிரம்படி பெற்றுக் கைமாறியவன் யான். சாதாரணத் துப்பாக்கியில் வெற்றுறை வெளியேறும் வாயில் முகத்துக்கு முன்னே இருப்பதால், இடத்தோளில் வைத்துச் சுடுபவன் ஒருவாறு சமாளிப்பான். புல்பப்பிலோ அவ்வாயில் அவன் கன்னத்தின் நேரே வந்துவிடும். சூடான பித்தளை உறை முகத்தில் அறையும். எல்-85ஐ வலத்தோளிலிருந்தே சுடுமாறு பிரித்தானியர் பயிற்றினர். படைக்கலமும் பிரம்பெடுத்தது போலும்! ஸ்டெயரை ஆக்கியோர் வேறு வழி கண்டனர்: பூட்டை மாற்றி, மறுபக்கத்து வாயிலைத் திறந்தால் அஃது இடக்கைத் துப்பாக்கியாகும். எனினும் ஒருவனுக்கென மாற்றியதை, போர் நடுவே வலக்கையன் வாங்கிச் சுடவியலாது. 2001இல் வெளிவந்த பெல்ஜியத்தின் எஃப்-2000, வெற்றுறைகளைக் குழாயொன்றின் வழியே முன்னே செலுத்தி உதிர்க்கிறது; இரு தோளுக்கும் அஃதொன்றே.

ஃபமாஸை வளர்த்த பிரான்சு 2016இல் அதற்கு மாற்றாக, ரவைக்கூடு முன்னே உள்ள ஜெர்மன் துப்பாக்கியைத் தெரிந்தெடுத்தது. இதனைக் கூறியபோது அம்மாணவன் தன் குறிப்பேட்டில் அவ்வாண்டைக் குறித்துக்கொண்டான். அவன் எழுதியது இடக்கையால்.