யாவாச் செய்நிரலும் லினக்ஸ் பொதியும்

கணிதத் தேர்விலே விடையை மாத்திரம் எழுதிய மாணாக்கனுக்கு முழுப்புள்ளி கிடைப்பதில்லை. விடை பெறப்பட்ட வழியும் காட்டப்படல் வேண்டும். மென்பொருளிடத்தும் இவ்வாறே வழியைக் கேட்கும் அமைப்பொன்று உளது. அது டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலாகும். லினக்ஸ் என்னும் கருவைச் சூழப் பல்லாயிரம் மென்பொருள்களைச் சேர்த்து, அவற்றை ஒன்றோடொன்று இயையுமாறு அமைத்து, பொதி பொதியாக அளிப்பதே வழங்கல் எனப்படும். 1993ஆம் ஆண்டில் இயன் மேர்டொக் தொடங்கிய டெபியன், இன்று பல நாட்டுத் தொண்டர்களால் நடத்தப்படுகின்றது. யாவா மொழியிலமைந்த செய்நிரலொன்று அதனுட் புகுமாறு எங்ஙனம் என்பதை ஈண்டு நோக்குவாம்.

யாவா மொழியைச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1995இல் வெளியிட்டது. ஆக்கியோன் எழுதும் மூலநிரலைத் தொகுப்பான் பைட்டுக் குறிமுறையாக மாற்றும். அக்குறிமுறை, யாவாப் பொறி நிறுவப்பெற்ற எக்கணினியிலும் இயங்கும். அது ஜார் எனப்படும் கோப்பாகக் கட்டப்படும். ஆக்கியோன் யாவற்றையும் தானே எழுதுவதில்லை. பிறர் இயற்றிய நூலகங்கள் பலவற்றைத் துணைக்கொள்வான். மேவன் போன்ற கருவிகள் அந்நூலகங்களை ஆயத்த ஜார்களாக இணையத்திலிருந்து கொணர்ந்து சேர்க்கும். இவையனைத்தையும் தன்னுள் அடக்கிய ஒரே கோப்பாகச் செய்நிரல் பயனரை அடைதலும் உண்டு. இது வழியின்றி வந்த விடையை ஒக்கும்.

டெபியன் இதனை அவ்வாறே ஏற்பதில்லை. பொதி அமைப்போர் ஆயத்த ஜார்களை நீக்கி, மூலநிரலிலிருந்தே செய்நிரலைப் புதிதாகத் தொகுப்பர். தொகுக்கும்போது இணையத்திலிருந்து எதனையும் பெறுதல் கூடாது. ஆதலின், துணைநூலகம் ஒவ்வொன்றும் முன்னரே தனிப்பொதியாக டெபியனில் இருத்தல் வேண்டும். இல்லையாயின் முதலில் அதற்கே பொதி செய்தல் வேண்டும். கட்டுப்பாட்டுக் கோப்பிலே பொதியின் பெயரும் அது சார்ந்துள்ள பிற பொதிகளும் குறிக்கப்படும். விதிக்கோப்பிலே தொகுக்கும் முறையும், பதிப்புரிமைக் கோப்பிலே உரிம விவரங்களும் இடம்பெறும். நூலக ஜார்கள் ஒரு பொது அடைவில் வைக்கப்படும். அங்குள்ள ஒரு பிரதியையே பல செய்நிரல்கள் பயன்படுத்தும்.

உரிமம் பற்றிய கண்டிப்பும் சிறிதன்று. சன் நிறுவனத்தின் யாவா கட்டற்ற மென்பொருளாக இல்லாத காலத்தில், அதனையன்றி இயங்காத செய்நிரல்கள் டெபியனின் முதன்மைப் பிரிவில் இடம்பெறவில்லை. 2006 நவம்பரில் அந்நிறுவனம் யாவாவைக் குனூ பொது உரிமத்தின் கீழ் வெளியிடத் தொடங்கி, 2007இல் அதன் பெரும்பகுதியை ஓப்பன் ஜேடிகே என அளித்தது. அதன் பின்னரே இத்தடை படிப்படியாக நீங்கிற்று.

இத்துணை உழைப்பும் எதன்பொருட்டு என வினவலாம். 2021 டிசம்பரில், நிகழ்வுகளைப் பதிவுசெய்யும் லாக்4ஜே என்னும் யாவா நூலகத்தில் ஒரு பெருங்குறை வெளிப்பட்டது. தீயோன் ஒருவன் குறித்த ஒரு சொற்றொடரைப் பதிவேட்டில் இடம்பெறச் செய்து, பிறர் கணினியில் தன் நிரலை இயக்குதல் அதனால் இயல்வதாயிற்று. அந்நூலகம் எண்ணற்ற மென்பொருள்களுள், சிலவிடத்து ஜாருக்குள் ஜாராகவும், மறைந்து கிடந்தது. தம்மிடத்து அஃது உளதோ இலதோ என்பதை அறியாது பலர் இடர்ப்பட்டனர். டெபியனிலோ அந்நூலகப் பொதி ஒன்று திருத்தப்பட்டதும், பொது அடைவிலிருந்து அதனைப் பயன்படுத்திய செய்நிரல்கள் மீளத் தொடங்கியவுடன் குறை நீங்கப்பெற்றன.

இம்முறைக்கு விலையும் உண்டு. யாவரும் ஒரு பதிப்பையே பகிர்வதால், வேறு பதிப்பை வேண்டும் செய்நிரல்களைத் திருத்தியமைக்க நேரும். ஆளும் காலமும் போதாவிடின் அவை கைவிடப்படும். புகழ்வாய்ந்த எக்லிப்ஸ் என்னும் நிரலாக்கச் சூழல் 2019இல் வந்த டெபியன் 10இல் இடம்பெறாமற் போயிற்று. விரைவு வேண்டுவோர் ஆக்கியோனின் ஜாரை நேரே பெற்றுக்கொள்ளலாம், அதில் தவறில்லை. ஆயின், அங்ஙனம் பெறுவோர் அதனுள் அடங்கியவற்றைக் கண்காணிக்கும் பொறுப்பினையும் தாமே ஏற்கின்றனர் என்பதை உணர்தல் வேண்டும்.