கேட்டுச் செய்த காலமும் எழுதி வைக்கும் காலமும்

'இனி ஒண்ணும் செய்யறதுக்கில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க' என்று டாக்டர் சொல்லிவிட்டால், முன்பெல்லாம் அதோடு மருத்துவம் முடிந்தது. கூடத்தில் கட்டில் விழும். வெளியூர் மகள் வந்து சேர்வாள். எதைச் சாப்பிட ஆசை, யாரைப் பார்க்க வேண்டும், கொள்ளி யார் வைப்பது என்பதையெல்லாம் படுத்திருப்பவரிடமே கேட்டார்கள்; அவரும் தயங்காமல் சொன்னார். சுற்றி நின்ற உறவுக்காரர்களே சாட்சி.

ஆனால் வலிக்கு மருந்தில்லை. புற்றுநோய் கண்டவரின் முனகல் தெருவரை கேட்கும். 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தால் மார்ஃபினுக்குப் பல உரிமங்கள் தேவைப்பட்டன. ஒன்று காலாவதியானாலும் மருந்து வராது. அடுத்த ஆண்டே மும்பையில், புற்றுநோயின் இறுதிக் கட்டத்தில் இருப்பவர்களைப் பராமரிக்கும் சாந்தி அவேத்னா இல்லம் தொடங்கியது. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலி நிவாரண அமைப்பு, பிறகு நோயாளியின் வீடு தேடிப் போகும் வழக்கத்தைக் கேரளமெங்கும் பரப்பியது. 2014-இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டு உரிமச் சிக்கல் தளர்ந்தது. தமிழ்நாட்டில் 2021 முதல், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரணச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது.

இதற்கிடையில் இன்னொன்று கைநழுவியது. கூடத்துக் கட்டிலின் இடத்துக்கு ஐ.சி.யூ. வந்தது. 'என்ன செலவானாலும் பாருங்க டாக்டர்' என்கிறார் மகன். அதில் அன்பு பாதி, ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம் பாதி. படுத்திருப்பவரைக் கேட்கலாமென்றால், அவர் தொண்டையில் குழாய்.

அந்தக் குரலுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது 2018 மார்ச் 9 அன்று. மீள வழியில்லாத நிலையில் உயிர்காக்கும் கருவிகள் வேண்டாமென முன்கூட்டியே எழுதி வைக்கும் 'லிவிங் வில்' செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் வேண்டும் என்ற நிபந்தனையால் எழுத முன்வந்தவர்கள் மிகக் குறைவு. 2023 ஜனவரியில் அது மாறியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். நம் சார்பில் பேசக்கூடியவர்களின் பெயர்களையும் அதில் எழுதலாம். அந்த நிலை வரும்போது மருத்துவமனையின் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஆராய்ந்து ஒப்புதல் தர வேண்டும். ஊசி போட்டு உயிரை முடிப்பதற்கு இன்றும் அனுமதி இல்லை.

சட்டம் எளிதானாலும் வீட்டில் பேச்சை எடுப்பது எளிதாகவில்லை. அப்பா ஆரம்பித்தாலே 'ஏம்பா அபசகுனமா பேசறீங்க' என்று வாயை அடைக்கிறோம். சொத்துக்கு உயில் எழுதச் சொல்லி அவரை நச்சரிப்பவர்களும் நாம்தான். அவர் நன்றாக நடமாடும்போதே நான்கு கேள்விகள் கேட்கலாம்: வென்டிலேட்டர் வேண்டுமா? மூக்கில் குழாய் வைத்து உணவு கொடுக்கலாமா? கடைசி நாட்கள் வீட்டிலா, மருத்துவமனையிலா? யார் முடிவு சொல்ல வேண்டும்? பதிலை எழுதிச் சான்று பெற்று, குடும்ப டாக்டரிடம் ஒரு பிரதி கொடுத்துவிடலாம். நாளை ஐ.சி.யூ. வாசலில் அண்ணனும் தம்பியும் முட்டிக்கொள்ளாமல் இருக்க, அவர் கையெழுத்தே பேசும்.