நிலத்தடி நீருக்கு வேலி இல்லை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. மாரிமழையே நமது கிணறுகளுக்கு ஊற்று. அந்நீர் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளூடாக இறங்கி, பாரங்கூடிய உவர்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்தால், காலப்போக்கில் அடியிலுள்ள உவர்நீர் ஏறக்குறைய 40 அடி மேலெழக்கூடும். அளவுக்கு மிஞ்சி இறைத்த கிணறு உவராவது இதனாலேயே.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த நம்மவர் பலர் ஊர் திரும்பியுள்ளனர். வேறு சிலர் இன்றும் பிறர் காணியில் பயிர் செய்கின்றனர். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. இறைப்புச் செலவே பெருஞ்சுமையானது.

இவற்றைத் தனித்தனியே தாங்க முடியாது. காணிக்கு வேலி உண்டு. நிலத்தடி நீருக்கு இல்லை. ஒருவர் அதிகமாய் இறைத்தால் அயலவரின் கிணறும் கெடும். ஆகவே பரிகாரமும் பொதுவானதே.

நாம் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, மாரிக்கு முன் சிரமதானமாகக் குளத்தைத் தூர்வாரி, வாய்க்கால்களைத் துப்புரவாக்குதல். கடலுக்கு ஓடும் வெள்ளம் நிலத்துள் இறங்கும். இரண்டாவது, பங்குக் கிணற்றில் நம் முன்னோர் செய்ததுபோல முறைவைத்து, காலையிலும் மாலையிலும் மட்டும் இறைத்தல். குத்தகைக்காரருக்கும் அம்முறையில் இடம் வேண்டும். மூன்றாவது, பூவரசங்குழையும் மாட்டெருவும் தாழ்த்தல். மண் ஈரத்தைப் பிடிக்கும், உரச்செலவும் குறையும்.

உவரான கிணறு ஒரே மாரியில் திருந்தாது. பல மாரிகள் வேண்டும். மழையைத் தருபவர் இறைவன். அதைத் தேக்கி வைக்கும் பொறுப்பை நம் கைகளில் தந்திருக்கிறார். வரும் புரட்டாதியில் அயலவரோடு கூடிக் குளத்தில் இறங்குவோம்.